பீட்டுக்கு நடுவே நீ காலியாக விட்ட இடம்

என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட மாப்பிள்ளை கவினுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். உனக்கு ஒரு வயசு. கோயிலில் மொட்டை அடித்து, தாய்மாமன் முறைக்கு என் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். ஊசி இறங்கினால் எல்லாக் குழந்தையும் அழும். நீ மேளத்துக்குச் சேர்ந்தாற்போல அழுதாய். மேளக்காரர் நிறுத்தினார், நீயும் நிறுத்தினாய். அவர் எடுத்தார், நீயும் எடுத்தாய். உன்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்தக் காது சும்மா இருக்காது, நாமக்கல் ஜில்லாவையே ஆட்டி வைக்கும்" என்று சத்தமாகச் சொன்னேன். இருநூறு பேர் கேட்டார்கள். அதில் பாதிப் பேர் இப்போது இல்லை, மீதிப் பேருக்கு ஞாபகம் இல்லை. அதற்கு நான் என்ன செய்வேன்?

உன் முதல் வருசத் திதிக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்றாள் உன் அம்மா. அச்சகத்துக்காரர் ஒரு போட்டோவும் நாலு வரியும் போதும் என்றார். நாலு வரி யாருக்குப் போதும்? என் ஊட்டு முகவரி எழுதவே எனக்கு ஆறு வரி ஆகும். ஆறாம் வகுப்போடு நின்றவன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆறு வகுப்பையும் நன்றாகப் படித்தவன். நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ படிப்பாயோ இல்லையோ, ஊர் படிக்கட்டும். உன் அம்மாவுக்கு யாராவது வாசித்துக் காட்டட்டும்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீ போனில் கட்டிய பாட்டு, உன் பீட்டு, ஓடுகிறது மாப்ளை. சும்மா ஓடவில்லை. சேந்தமங்கலத்தில் கோயில் திருவிழாவுக்கு நோம்பி சாட்டினால் அதுதான். ராசிபுரத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் அதுதான். குமாரபாளையத்தில் ஆற்றுப் பாலத்துப் பக்கம் போட்டேன், அக்கரையில் பவானிக்காரர்கள் கரைக்கு வந்து நின்று ஆடினார்கள். பாலமே லேசாக அசைந்தது. கைப்பிடிச் சுவரில் கையை வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஓடுகிறது. ஆனால் உன் பேரில் ஓடவில்லை. 'இடிமுழக்கம் பீட்டு' என்கிறார்கள். இடிமுழக்கம் ரத்தினம் சவுண்ட் சர்வீஸ் நான்தானே? பீட்டின் நடுவில் என் குரல் வருகிறது. "ரத்தினம்... ரத்தினம்... ரத்தினம்... இடிமுழக்கம் சவுண்ட் சர்வீஸ்!" ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை. நல்ல கனமான எக்கோவோடு.

நம்ம தொழிலில் அது வழக்கம்தான், உனக்குத் தெரியாததா? ஒரு பாட்டு கைக்கு வந்தால் சவுண்ட் சர்வீஸ்காரன் முதலில் தன் பேரை அதன் மேல் ஏற்றிவிடுவான். இல்லாவிட்டால் பக்கத்து ஊர்க்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுவான். லாரிக்கு முன்னால் முதலாளி பேர் எழுதுகிறோமே, அந்த மாதிரி. லாரியைக் கட்டியவன் பேரை யாராவது கண்ணாடிக்கு மேல் எழுதியிருக்கிறார்களா?

நீ வேலை பார்த்த லாரிப் பாடி பட்டறை முதலாளியை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பாடி கட்டுகிற நேரத்தில் பாட்டுக் கட்டுகிறான் என்று நாலு பேர் பார்க்க உன் போனைப் பிடுங்கிப் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் வீசினாரே, அந்த மனுசன்தான். மகள் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டார். ஊர்வலத்தில் பக்கத்தில் வந்து, "ரத்தினம், அந்த பீட்ட இன்னொருக்கா போடு. கதவு விழுகுற மாதிரி ஒரு அடி வருதே, அது நெஞ்சுல வந்து உழுகுது" என்றார்.

"அது யாரு போட்டதுன்னு தெரியுமுங்களா?" என்றேன்.

"நீதான? அதான் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா பேரு வருதே" என்று சிரித்தார்.

அந்தக் கதவு அவருடைய பட்டறையில் செய்த லாரிக் கதவு. அதை அடித்தவன் அவரிடம் வேலை பார்த்தவன். நான் என்ன சொன்னேன் தெரியுமா? தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன்?

சரி, உன் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். இந்த ஊரில் அதை நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

மத்தியானம் சோற்று நேரம்தான் உனக்குக் கச்சேரி நேரம். பட்டறையில் மற்றவர்கள் தூக்குப்போசியைத் திறப்பார்கள், நீ போனைத் திறப்பாய். லாரிக்குத் தரையாகப் போடுகிற பலகையைக் குதிகாலால் மிதித்து ஒரு சத்தம். கொக்கியைக் காலி டப்பாவில் போட்டு ஒரு சத்தம். உன் அம்மா கோழிப்பண்ணையிலிருந்து கொண்டுவருகிற முட்டை அட்டையை நகத்தால் இழுத்து, சரக் சரக் என்று ஒரு சத்தம். ஊரெல்லாம் ரெக்கார்டிங் அறைச் சுவரில் சத்தம் போகாமல் இருக்க முட்டை அட்டையை ஒட்டுகிறான். அதையே வாசித்தவன் நீ ஒருவன்தான். அது என் யோசனை என்று பல இடத்தில் சொல்லியிருக்கிறேன். நீயும் எதிரில் நின்று கேட்டிருக்கிறாய், மறுத்ததில்லை.

கொக்கிச் சத்தத்தை மட்டும் நாற்பது தடவை எடுத்தாய். பெரிய டப்பா, சின்ன டப்பா, ஈர டப்பா, துணி போட்ட டப்பா. ஒவ்வொன்றாகக் கேட்டு, தள்ளி, மறுபடி கேட்டு, ஒரு வாரம் ஓட்டினாய்.

"ஒரு சத்தம் எடுக்க ஒரு வாரமாடா? பொண்ணு பாக்கப் போறவங்கூட நாலாவது ஊட்டுல காப்பியக் குடிச்சுட்டு சரின்னுருவான்" என்றேன்.

"கட்டிக்கிட்டு வாழப் போறது நானுங்களே மாமா" என்றாய்.

கடைசியில் நீ எடுத்தது முப்பத்தெட்டாவது. எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது. "ரெண்டாவதே நல்லா இருந்துச்சு" என்று சும்மா சொல்லி வைத்தேன்.

இன்னொரு நாள் என் குடோனுக்கு வந்தாய். ஆம்பிளிபயர் பக்கத்தில் ஈக்வலைசரைப் பார்த்ததும் உனக்குச் சிரிப்பு. எல்லாக் குமிழையும் உச்சியில் நிறுத்தியிருந்தேன்.

"ஏனுங்க மாமா, எல்லாத்தையும் மேல தூக்கி வெச்சிருக்கறீங்க?"

"எறக்கி வெக்கறதுக்கா அத்தன குமிழ் வெச்சுக் குடுத்திருக்கறான்?"

"பலக, கதவு, பேஸ், மூணும் ஒரே சீட்டுல ஒக்காந்திருக்குதுங்க. டவுன் பஸ் மாதிரி நெருக்கிக்கிட்டு. ஒண்ணயாவது ஜன்னலோரமாத் தள்ளோணும்."

"சத்தத்துக்கு ஜன்னலோரம் வேறயாடா?"

"இருக்குதுங்க. இப்பக் கேளுங்க."

பலகைச் சத்தம் மந்தமாக இருக்கிறது என்று நான்தான் சொல்லியிருந்தேன். நீ பலகையைத் தொடவே இல்லை. கதவுச் சத்தத்தின் அடியில் உறுமிக்கொண்டிருந்ததைக் கழித்தாய், அவ்வளவுதான். பலகை தானாக முன்னால் வந்து நின்றது. நெஞ்சில் ஒரு குத்து. நான் பதினெட்டு வருசமாக பாக்ஸ் மேல் பாக்ஸ் அடுக்கியும் வராத குத்து. எனக்குக் கோபம்தான் வந்தது. "செவிடனுக்கு இது எப்படிக் கேக்கும்?" என்றேன். "செவிடங்க யாருங்க மாமா பாட்டு வெக்கச் சொல்லிக் கூப்படறாங்க?" என்றாய். நியாயம்தான். ஆனால் வாயால் சொல்லவில்லை.

லாரிப் பின்கதவு அடியை நீ செதுக்கியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. புதுக் கதவு, சம்மட்டியால் ஒரு போடு போட்டால் மணி மாதிரி நீண்டுகொண்டே போகிற சத்தம். அதன் வாலைக் கறுக்கென்று நறுக்கிவிட்டாய்.

"கணீர்னு இருந்துச்சேடா, ஏன் வெட்டுன?"

"அடுத்தவன் பேச ஆரம்பிச்ச பொறவும் அது பேசிக்கிட்டே இருக்குதுங்க மாமா. உங்கள மாதிரி."

உன் அம்மா கேட்டிருந்தால் உன்னை அடித்திருப்பாள். நான் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்தது சிரிப்பில்லை.

அப்புறம் அந்த இடம். ஒரு நாள் முழு பீட்டையும் போனில் போட்டுக் காட்டினாய். பலகை, அட்டை, கொக்கி எல்லாம் சேர்ந்து ஓடி வந்து, திடீரென்று ஒன்றுமே இல்லை. இரண்டு எண்ணிக்கைக்குச் சுத்தமாக ஒன்றுமில்லை. பிறகு டமார் என்று கதவு. பாட்டு முடிவதற்குள் ஐந்து தடவை அப்படி.

"என்றா, போன் செத்துப்போச்சா?" என்றேன்.

"இல்லீங்க. பட்டறையில சம்மட்டியத் தூக்குவாங்க பாருங்க, தூக்குன பொறவு, அடி விழுகறதுக்கு முன்னால, சுத்தி நிக்கறவங்க எல்லாம் அப்படியே நிப்பாங்க. கண்ணச் சுருக்கிக்குவாங்க. அந்த நேரமுங்க இது. அது இல்லாட்டி அடி பெருசாத் தெரியாது."

"அதுல நாலு நகாரா அடிய உட்டா இன்னும் பெருசாத் தெரியும்" என்றேன். நீ போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய்.

அதற்குப் பிறகு பென் டிரைவோடு வந்த அந்த நாள். ஊர் முழுக்க நான் சொல்லியிருக்கிற கதைதான் இது. சாயங்காலம் நாலு மணி இருக்கும். அடுத்த நாள் நிகழ்ச்சிக்கு பாக்ஸ் எல்லாம் டெம்போவில் ஏற்றிக் கயிறு கட்டி முடித்திருந்தேன். நீ வந்து, சிவப்புக் கயிறு கட்டிய பென் டிரைவை நீட்டினாய்.

"முடிஞ்சிருச்சுங்க மாமா. பெரிய பாக்ஸ்ல ஒருக்காக் கேக்கோணும். கேக்காம யாருக்கும் குடுக்கறதில்லைன்னு இருக்கறன்."

"இப்பத்தான் ஏத்திக் கட்டுனன். இதுக்கோசரம் அவுக்க முடியுமா? நாளைக்கு வா, திருச்செங்கோட்டு மலை வரைக்கும் கேக்க வெக்கறேன்" என்றேன்.

சரி என்று பென் டிரைவை என் கையில் கொடுத்தாய். கொடுத்துவிட்டு, "மாமா, நடுவுல அந்த எடத்த உங்களுக்குத்தான் காலியா உட்டிருக்கறன். உங்க பேர வெச்சுக்கங்க" என்றாய். அப்படிச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனாய்.

மறுநாள் காலையில் பைபாஸில் நீ வண்டியைத் திருப்புகிற இடத்தில், யாரோ ஒருத்தனுடைய டெம்போ. அதைப் பற்றி எழுத மாட்டேன். எதை வேண்டுமானாலும் பெருக்கி எழுதுவேன், அதை எழுத என்னிடம் சொல் இல்லை. உன் போன் ரோட்டில் நாலு துண்டாகக் கிடந்தது. பலகை, கொக்கி, நாற்பது டப்பா, எல்லாம் அதற்குள்தான் இருந்தது. மிஞ்சியது என் சட்டைப்பையில் இருந்த சிவப்புக் கயிற்று பென் டிரைவ் ஒன்றுதான்.

பெரிய பாக்ஸில் நீ அதைக் கேட்கவே இல்லை. டெம்போவில் கட்டிய ஒரு கயிற்றை அவிழ்க்க எத்தனை நேரம் ஆகும் மாப்ளை? ஐந்து நிமிசமா? பத்தா?

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து கம்ப்யூட்டரில் பென் டிரைவைப் போட்டேன். குரலைப் பதிந்தேன், எக்கோ ஏற்றினேன், நீ விட்டிருந்த ஐந்து இடத்திலும் என்னை வைத்தேன். உன் பேரை வைக்கலாம் என்று யோசித்தேனா? யோசித்தேன் என்று எழுதத்தான் கை வருகிறது. சேமிக்கும்போது அது இங்கிலீசில் ஏதோ கேட்டது. கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் 'எஸ்' என்று சொல்வதுதான் என் வழக்கம். அதே பேரில் இருந்த பழையதை அழித்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறது. பிறகுதான் தெரிந்தது. உன் பீட்டு உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அதன் மேல் நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அதைப் பற்றி அப்போது கவலைப்பட்டேனா? இல்லை. ஓடுகிறதே என்று சந்தோசமாக இருந்தேன். போன மாதம் உன் அம்மா வரச் சொல்லும் வரைக்கும்.

மணியக்காவை உனக்குத் தெரியும். நான் அவளுக்குத் தம்பியாகப் பிறந்து ஐம்பது வருசம் ஆகிறது, இதுவரைக்கும் என்னிடம் ஒன்று கேட்டதில்லை. பண்ணையிலிருந்து வந்து முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளக்கா."

"திதியன்னைக்கு அந்தப் பாட்ட ஒருக்கா, உம்பேரு இல்லாமப் போடுவியா?" என்று கேட்டுவிட்டு, அவளே அவசரமாகச் சொன்னாள்: "அவன் உனக்குன்னு குடுத்துட்டுப் போன எடம். நாங் கேக்கக் கூடாது. எனக்குந் தெரியுது. ஒருக்கா மட்டுந்தான்."

"எதுக்கக்கா?"

"ஊட்டுல அவன் போன்ல போடறப்ப நான் இப்படித்தான் அடுக்கிக்கிட்டு இருப்பன். அந்த எடம் வந்தா கை நின்னுரும். மூச்சுங்கூட நின்னுரும். பொறவு டமார்னு அந்தக் கதவு உழுகும். உள்ள இருந்து சிரிப்பான். 'பயந்துட்டியாம்மா'ம்பான்." அட்டையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அந்த எடத்துலதான் சாமி எம்பையன் இருந்தான். இப்ப அங்க போனா நீ நின்னுக்கிட்டு இருக்கற."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"அதுக்கென்னக்கா, ரெண்டு நிமிச வேலை" என்றேன். என் வாய் உனக்குத் தெரியாததா?

சேலத்தில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்குப் போனேன். அங்கே இருந்த பையன் காதில் மாட்டிக்கொண்டு கேட்டான். தலையை அசைத்தான்.

"ஒரிஜினல் இல்லீங்களா சார்?"

"நான்தான் ஒரிஜினல்" என்றேன்.

"அது இல்லீங்க. உங்க குரல் ஏறாதது."

இல்லை என்றேன். "காலி எடத்துல இருக்கற குரல வெட்டிரலாம் சார். ஆனா உங்க எக்கோ நீளமாப் போயி அடுத்து வர்ற அடி மேலயே உக்காந்துருச்சு. அந்த அடியில இருந்து உங்களப் பிரிக்கறது, டீயில போட்ட சர்க்கரைய எடுத்துக் குடுங்கன்னு கேக்கற மாதிரி சார்" என்றான். பிறகு ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே, "யாரு சார் இத மிக்ஸ் பண்ணுனது? ஒண்ணு மேல ஒண்ணு இடிக்கவே இல்ல. இந்தக் குரலத் தவிர" என்றான்.

அடுத்தவன் பேச ஆரம்பித்த பிறகும் பேசிக்கொண்டே இருக்கிறது. நீ சொன்னதுதான். வாலை வெட்ட நீ இல்லாமல் போனாய்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சங்ககிரி வரும் வரைக்கும் அழுதேன். இதை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துத்தான் சொல்கிறேன்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். முதலாளியிடம், "ஒரு பின்கதவு வேணுமுங்க, திதி வரைக்கும்" என்றேன்.

"எதுக்கு?"

"அந்த பீட்டு எம்பட பீட்டு இல்லீங்க. கவின் போட்டது. நீங்க நெஞ்சுல உழுகுதுன்னு சொன்னீங்களே, அது இங்க, உங்க பட்டறையில, சோத்து நேரத்துல எடுத்த அடி. உங்க கதவுதான். நான் நடுவுல பேரக் கத்துனவன்."

அவர் பெயின்ட் டப்பா இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு, இருக்கிறதில் நல்ல கதவாக ஒன்றை என் டெம்போவில் ஏற்றச் சொன்னார். "போனு அன்னைக்கு ஒடையலியே?" என்று மெதுவாகக் கேட்டார். அன்றைக்கு உடையவில்லை என்றேன். வேறென்ன சொல்ல?

இருபத்தாறு நாளாக அந்தக் கதவைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். குடோனில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். நடுவில் அடித்தால் பானை மாதிரிக் கேட்கிறது. ஓரத்தில் அடித்தால் தட்டு மாதிரி. கீல் பக்கம் ஒரு முழம் தள்ளி அடித்தால்தான் உன் சத்தத்துக்குக் கிட்டே வருகிறது. இரும்புச் சம்மட்டி பல்லைக் கூசுகிறது. மரச் சுத்தி மந்தம். கடைசியில் சம்மட்டி முகத்தில் பழைய டயர்த் துண்டைக் கட்டினேன். வாலை எப்படி வெட்டுவது? உனக்குப் போனில் ஒரு விரல் போதும். நான் கதவுக்குப் பின்னால் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டேன். ஒரு சாக்குக்கு இன்னும் பேசியது. மூன்று சாக்குக்கு ஊமையாகிவிட்டது. இரண்டு சாக்கு, கீழே லேசாக நனைத்தது. அதுதான்.

நான், மாப்ளை, இந்த ரத்தினம், ஒரு சத்தத்தைக் குறைப்பதற்காக இருபத்தாறு நாள் வேலை பார்த்தேன். நீ நம்ப மாட்டாய். நாற்பத்தொரு விதமாக அடித்துப் பார்த்தேன், உன்னைவிட ஒன்று எச்சு. எடுத்தது பதினாலாவது. எல்லாம் ஒன்றாகக் கேட்கவில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறாகக் கேட்டது. இது ஏன் எனக்கு முன்னாலேயே கேட்கவில்லை?

திதியன்றைக்குப் பகல் பதினோரு மணிக்கு, உன் ஊட்டு வாசலில், நீ கேட்காமல் போன பெரிய பாக்ஸில் உன் பீட்டைப் போடப் போகிறேன். ஈக்வலைசர் குமிழ்களை இறக்கிவிட்டேன். இடது கை ஆம்பிளிபயர் குமிழில் இருக்கும். என் பேர் வாயைத் திறக்கும் முன்னால் சத்தத்தைச் சுத்தமாக அணைப்பேன். வலது கையால் சம்மட்டியைத் தூக்குவேன். இரண்டு எண்ணிக்கை. அடிப்பேன். பாட்டில் என் எக்கோ ஒட்டிய அடி கடந்த பிறகுதான் குமிழைத் திருப்புவேன். ஐந்து தடவையும். தோள்பட்டை இறங்கிவிட்டது, எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், இருந்தாலும் ஐந்து தடவைக்குத் தாங்கும். நேற்று வரைக்கும் பத்துக்கு எட்டு சரியாக விழுந்தது. சரி, ஆறு.

ஒன்று பாக்கி இருக்கிறது. இந்த நோட்டீசை நானே எழுதுகிறேன் என்று அடம் பிடித்தது அதற்காகத்தான்.

பாலம் அசையவில்லை என்று வேண்டுமானால் வைத்துக்கொள். காது குத்தும்போது இருநூறு பேர் இல்லை, நாற்பது பேர்தான் என்று வைத்துக்கொள். அதெல்லாம் இருந்ததைக் கொஞ்சம் பெருக்கியது. ஒன்று மட்டும் இல்லாததைக் கட்டியது. அக்கா, இது உனக்கும்தான், நன்றாகக் கேட்டுக்கொள். அந்த இடத்தை இவன் எனக்குக் கொடுக்கவில்லை. "உங்களுக்குத்தான் காலியா உட்டிருக்கறன்" என்று இவன் சொல்லவே இல்லை. பேரை ஏற்றிய பிறகு யாரோ கேட்டார்கள், வாயில் வந்தது, சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லும்போது எனக்கே ஞாபகம் இருக்கிற மாதிரி ஆகிவிட்டது. அதை நம்பித்தான் நீ உன் பையன் பாட்டை என்னிடம் கூச்சப்பட்டுக் கேட்டாய்.

அன்றைக்கு நாலு மணிக்கு நீ வண்டியைக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சொன்னது இதுதான் மாப்ளை: "நடுவுல காலியா இருக்கற எடத்துல எதையும் வெச்சுறாதீங்க மாமா. உங்களப் பத்தி எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டுச் சிரித்தாய்.

இனி வைக்க மாட்டேன். சம்மட்டி மேலே இருக்கும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பேன்.

உன் அம்மாவின் தம்பி, உன் தாய்மாமன்,
ரத்தினம்.